கோவமா, கோயமுத்தூரா?

ஒரு ஊர்ல ஒரு அவசரக்குடுக்கை இருந்தான். பேரு வெயிலுமுத்து, ஊரு சாத்தூரு. காலை அந்தப் பக்கம் நகட்டி வையி, என் வயித்துல ஒதைக்காத. ம் கொட்டு. கொட்டலைன்னா கதை அங்கனயே நின்னுரும்.

ம்.

ஆங். அவசரம்னா அப்படியாப்பட்ட அவசரம். தும்மல் வர்றதுக்கு முன்னாடியே மூக்கத் தொடச்சிருவான். சட்டையப் போட்டுக்கிட்டே குளிப்பான். அப்புறம் ஈரச் சட்டையோட வேலைக்குப் போயி, நாள் பூரா நடுங்கிக்கிட்டு நிப்பான்.

அவனுக்கு ஆத்தா அப்பன் இல்ல. ஒரே ஒரு தங்கச்சி, மாரிச்செல்வி. அவளைக் கோயமுத்தூர்ல கட்டிக் குடுத்திருந்தான். அவளுக்கு ஒரு பாப்பா பொறந்து, பேரு வைக்கிற விசேஷம் வந்துச்சு. தாய்மாமன் வரணும்ல? இந்தப் பய பஸ் ஸ்டாண்டுக்கு ஓடுனான். ஒரு பஸ்ஸு போர்டுல ‘கோ’ன்னு முதல் எழுத்தப் பாத்தான், டபக்குனு ஏறிட்டான். மிச்ச எழுத்த வாசிக்க அவனுக்கு நேரமில்ல. எங்கன போயி எறங்குனான்? கோவில்பட்டியில. கோயமுத்தூரு வடக்க கெடக்கு, கோவில்பட்டி தெக்க கெடக்கு. அங்க கோயமுத்தூர்ல பேரும் வச்சு, பந்தியும் முடிஞ்சு, எலையும் எடுத்தாச்சு.

அப்புறம் மாரிச்செல்வி அவன்கிட்டப் பேசவே இல்ல. ஒரு வருசம். போன் போட்டா எடுக்க மாட்டா. அப்போ ஒருநா அவளே கூப்பிட்டா. "பாப்பாவுக்குக் காது குத்துறோம். ஞாயித்துக்கெழம ஒம்பதுலருந்து பத்தரை முகூர்த்தம். முடிஞ்சா வாங்க"ன்னு சொன்னா, டொக்குனு வச்சுட்டா.

வாங்க. கேட்டியா? பொறந்ததுலருந்து ‘வாண்ணே, போண்ணே’ன்னு இவன் தலையில குட்டி வளந்த புள்ள, ‘வாங்க’ங்குறா. வெயிலுமுத்துக்கு நெஞ்சு பொசுக்குனு போயிருச்சு. நம்ம பக்கம் ஒருத்தி கோவத்துல இருந்தாத்தான் கூடப்பொறந்தவன வாங்க போங்கம்பா. தள்ளி நிறுத்துற மரியாதை அது.

ஆனா டீக்கடைக்காரன் வேற மாதிரி சொன்னான். "யோவ், கோயமுத்தூர்ல எல்லாரும் எல்லாத்துக்கும் ‘ங்க’ போடுவாக. அந்த ஊருத் தண்ணியக் குடிச்சு உன் தங்கச்சிக்கும் ஒட்டிக்கிருச்சு."

இவனுக்கு மண்டை கொடஞ்சுது. இது கோவமா, கோயமுத்தூரா? கோயமுத்தூருன்னா பரவால்ல. கோவம்னா, இருக்குற ஒரே ஒறவும் கையவிட்டுப் போச்சு. இந்தத் தடவையும் நேரத்துக்குப் போகலைன்னா, கேக்கவே வேணாம்.

தூங்கிட்டியா?

ம்ஹும்.

அப்போ கேளு. இந்தத் தடவ பஸ்ஸு போர்ட மூணு தரம் வாசிச்சான். கண்டக்டர்கிட்ட நாலு தரம் கேட்டான். ஞாயித்துக்கெழம காலையில ஏழு மணிக்கெல்லாம் கோயமுத்தூர்ல எறங்கிட்டான். எறங்குனா, மொகத்துல சிலுசிலுன்னு காத்து. அகலமா ரோடு, ரெண்டு பக்கமும் மரம், அதுக்கு அங்கிட்டு பளபளன்னு கண்ணாடிக் கட்டடம். ஒருத்தரும் ஓடல. ஒருத்தரும் முட்டல. நாயி கூட ‘லொள்ளுங்க’ன்னு கொரச்சுது. கரண்டு கம்பியில காக்கா ஒக்காந்து ‘கா-ங்க, கா-ங்க’ன்னு கூப்பிட்டுச்சு.

நம்மாளு, "ஏ ஆட்டோ, வர்றியா?"ன்னு கத்துனான். ஆட்டோக்காரர் திரும்பிக் கூடப் பாக்கல. திமிரெல்லாம் இல்ல தங்கம். அந்த ஊர்ல காது அப்படி. பேச்சோட வாலுல ‘ங்க’ இல்லைன்னா உள்ளயே போகாது. மூணு தரம் கத்தி, தொண்டை வறண்டு, கடைசியில "வர்றீங்களா?"ன்னான்.

"ஏறுங்க, உக்காருங்க, எங்கீங்க போகோணும்?"

இவன் விலாசத்தக் காட்டுனான். "அட, பக்கத்துலதாங்க"ன்னாரு.

டுர்ருனு ஆட்டோ போச்சு. போயி ஒரு ரவுண்டானாவுல நின்னுருச்சு. நாலு பக்கமும் வண்டி, ஒண்ணும் நகரல. என்னன்னு பாத்தா, இந்தப் பக்கத்துக் கார்க்காரர் "நீங்க போங்க"ங்குறாரு. அந்தப் பக்கத்து லாரிக்காரர் "இல்லீங்க, நீங்க மொதல்ல போங்க"ங்குறாரு. பஸ்காரர் "பெரியவங்க நீங்க இருக்கறப்ப நான் போறதுங்களா?"ங்குறாரு. எப்பலருந்து? முந்தாநாள்லருந்து. ஒரு அம்மா காருக்குள்ளயே ஸ்வெட்டர் பின்ன ஆரம்பிச்சு, ஒரு கை முடிச்சிருந்துச்சு. நடுவுல நின்ன போலீஸ்காரர் எல்லாருக்கும் மோர் ஊத்திக் குடுத்துக்கிட்டிருந்தாரு.

வெயிலுமுத்து ஆட்டோ மேல ஏறி, "யோவ், போங்கய்யா"ன்னு கத்துனான். அதுல ‘ங்க’ இருந்துச்சா, எல்லாருக்கும் கேட்டுருச்சு. நாலு பக்கமும் ஒண்ணாக் கெளம்பி, நடுவுல வந்து க்றீச்சுனு நின்னு, எல்லாரும் எறங்கி ஒருத்தருக்கொருத்தர் "மன்னிச்சுக்கோங்க"ன்னு கும்புட ஆரம்பிச்சுட்டாங்க. மணி எட்டு. இது வெளங்காதுன்னு எறங்கி நடந்தான்.

ம் எங்க?

ம்.

அப்புறம் ஒரு பெரியவரு எதுக்க வந்தாரு. புது ஷூ போட்டுக்கிட்டு வாக்கிங் போறாரு, ஆமை அவரத் தாண்டிப் போகுது. இவன் வழி கேட்டான். "வழி எங்கயும் போயிராதுங்க. மொதல்ல ஒரு வாய் சாப்புடுங்க"ன்னு கையப் பிடிச்சு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாரு.

எலை போட்டு, அரிசிம்பருப்பு சாதத்த மலை மாதிரி கொட்டி, நடுவுல குழி பறிச்சு நெய்ய ஊத்துனாங்க. அள்ளி முழுங்கிட்டு, "வேண்டாம்"னான். ‘ங்க’ இல்லையா, காதுல விழல. தொப்புனு இன்னொரு கரண்டி. "வேண்டாங்க"ன்னான். "கூச்சப்படாதீங்க"ன்னு இன்னும் ரெண்டு கரண்டி. எலைய மூடுனான். "அய்யோ, எலை ஓட்டையாட்ட இருக்குது, மாத்திப் போடுங்க"ன்னு புது எலை வந்துருச்சு. பாவம், அழுகையே வந்துருச்சு அவனுக்கு. "என் தங்கச்சி வீட்டு விசேஷமுங்க, தாய்மாமன் நான்தானுங்க, என்னைய விட்டுருங்க"ன்னு கையெடுத்துக் கும்புட்டான்.

பெரியவரு பதறிப் போயிட்டாரு. "இத மொதல்லயே சொல்லக் கூடாதுங்களா?"ன்னு வாசலுக்குக் கூட்டியாந்து கைய நீட்டுனாரு. நேரெதுக்க நிக்குது தங்கச்சி குடியிருக்குற அடுக்குமாடி. நெசமாவே பக்கத்துலதான். ஆனா மணி பத்து. தின்ன தீனியில நடக்க முடியல, உருளத்தான் முடிஞ்சுது.

தங்கச்சி வீடு ஒம்பதாவது மாடி. லிஃப்டுல ஏறுனான். ‘வணக்கமுங்க’ன்னுது லிஃப்டு. ஒண்ணாவது மாடியில கதவு தொறந்துச்சு, ரெண்டு பேரு நிக்குறாங்க. "நாங்க கீழ போகோணுங்க. பரவால்ல, உங்கள மேல விட்டுட்டே போறோம்"னு ஏறிக்கிட்டாங்க. ரெண்டாவது மாடியில நாலு பேரு, அப்படியே. மூணாவது மாடியில ஒரு குடும்பம், பூனையோட. அப்போ லிஃப்டு, ‘எடை ஜாஸ்திங்க, ஒருத்தர் மட்டும் எறங்குறீங்களா?’ன்னு கேட்டுச்சு. "நான் எறங்கறனுங்க", "அட நான் எறங்கறனுங்க"ன்னு அத்தனை பேரும் இவனையும் தள்ளிக்கிட்டு எறங்கிட்டாங்க. லிஃப்டு தனியா மேல போயிருச்சு, பூனைய மட்டும் ஏத்திக்கிட்டு.

சிரிக்காத, தூக்கம் கலைஞ்சிரும்.

தடதடன்னு படியில ஓடுனான். மூச்சு எரைக்க எரைக்க உள்ள நொழஞ்சா, மணி பத்து இருபது. கூடம் நெறைய சனம். ஆசாரி கையில ஊசியோட ஒக்காந்திருக்காரு. "மாமன் வந்தாச்சுங்க, வாங்க வாங்க"ன்னு சம்பந்தக்காரங்க எல்லாரும் எந்திரிச்சாங்க.

மாரிச்செல்வி பட்டுச்சேலையில பாப்பாவ வச்சுக்கிட்டு நின்னா. இவனப் பாத்தா. "வாங்க"ன்னா. அம்புட்டுத்தான். சிரிக்கவும் இல்ல, மொறைக்கவும் இல்ல. அந்த மூஞ்சில இருந்து என்னத்தக் கண்டுபிடிக்க? கோவமா, கோயமுத்தூரா, இன்னும் தெரியல.

இவன் மடியில பாப்பாவ வச்சாங்க. ஆசாரி, "குத்தலாங்களா?"ன்னு பாப்பாகிட்டயே அனுமதி கேட்டாரு. அது அவரு மீசையப் பிடிச்சு இழுத்துச்சு. சரின்னு அர்த்தம் பண்ணிக்கிட்டு, சுருக்குனு ஒண்ணு, சுருக்குனு ஒண்ணு. வீல்னு ஒரே கத்து. வெயிலுமுத்துக்குத் தன் காதையே குத்துன மாதிரி இருந்துச்சு. மணி பத்து இருபத்தொம்பது. முகூர்த்தம் தப்பல.

அப்புறம் பந்தி. அப்புறம் பழம், பாக்கு. தங்கச்சி அந்தப் பக்கம் போறா, இந்தப் பக்கம் வர்றா, இவன்கிட்ட ஒரு வார்த்தை இல்ல. எம்புட்டு நேரம் உக்காந்திருப்பான் பாவம்? எந்திரிச்சு, துண்ட ஒதறித் தோள்ல போட்டு, அவகிட்டப் போயி நின்னான். காலையிலருந்து ஊருக்கே ‘ங்க’ போட்டுப் போட்டு நாக்கு அப்படியே வளஞ்சு போயிருந்துச்சு.

"அப்ப நான் வர்றேனுங்க"ன்னான்.

மாரிச்செல்வி கையில இருந்த தாம்பாளம் டமார்னு கீழ விழுந்துச்சு.

"என்ன சொன்ன?"

"கெளம்பு..றேனுங்க..."

"ங்கவா? என்கிட்டயா ங்க? உனக்கு மண்டையில மூளை இருக்காண்ணே? ஒரு வருசமா வாசலப் பாத்துக்கிட்டுக் கெடந்தவ நானு. பேரு வைக்கிறப்போ மாமன் எங்க, மாமன் எங்கன்னு ஊரு கேட்டப்ப தலையக் குனிஞ்சவ நானு. கோவப்பட வேண்டியவ நானு. நீ எதுக்குடா என்னைய அன்னியமாக்குற? கூறு கெட்டவனே. கோவில்பட்டிக்குப் போன மூதேவி"ன்னு சொல்லிச் சொல்லி அவன் முதுகுல மொத்து மொத்துனு மொத்துறா, ஓன்னு அழுகுறா.

"அப்ப போன்ல சொன்னது கோவந்தானா?"ன்னு கேட்டான்.

"பின்ன என்ன, கொழுக்கட்டையா?"ன்னு மறுபடி ஒரு மொத்து.

அங்க ஒருத்தருக்கும் ஒண்ணும் வெளங்கல. ‘ங்க’ இல்லாத பேச்சு அவங்க காதுக்கு எட்டலையே, வாய் அசையிறதும் அடி விழுகுறதும்தான் தெரியிது. மாரிச்செல்வியோட மாமனாரு பதறி ஓடி வந்து, "ஏனுங்க, என்னாச்சுங்க?"ன்னு கேட்டாரு.

வெயிலுமுத்து கண்ணத் தொடச்சான். அடுத்த அடிக்கு முதுகத் தோதாக் காட்டிக்கிட்டே, "ஒண்ணுமில்லீங்க. என் தங்கச்சி என்னையத் திட்டுறாங்க"ன்னு பெருமையாச் சொன்னான்.

அம்புட்டுத்தான், கதை தீந்துருச்சு. போர்வைய இழுத்து மூடிக்கிட்டு வெரசாத் தூங்கு.