கூட்டம் பாடிய வரி

"பாட்டு வரமாட்டேங்குது, அம்மா."

சொன்னவர் டெரிக். ஒரு காலத்தில் இங்கிலாந்தையே ஆட்டிவைத்த ராக் பாடகர். இப்போது எழுபதைத் தாண்டிவிட்டார். மலையடிவார ஆசிரமத்தில் சீடராகச் சேர்ந்த சில வருஷத்தில் தமிழ்கூட வந்துவிட்டது. புதுப் பாட்டுத்தான் வந்தபாடில்லை.

குரு பூரணி அம்மாள் அவரைவிட ரொம்ப இளையவர். கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"பழசு ஒண்ணு பாடுங்க. உங்களுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது."

அதற்கென்ன பஞ்சம்! டெரிக் கிதாரை எடுத்தார். குரல் கரகரத்தாலும் மனுஷர் கில்லாடிதான்.

தம்பி நீலோடு சேர்ந்து குழு ஆரம்பித்த கதைதான் அந்தப் பாட்டு. பெரிய ரெக்கார்டு கம்பெனி வந்தது. அண்ணன் ஆளை மாற்றிவிட்டான். விஷயம் தெரியாத தம்பி வழக்கம்போல டிரம்ஸ் வாசிக்க வந்து நின்றான். அங்கே வேறொருத்தன் உட்கார்ந்திருந்தான்.

அடுத்து பல்லவி.

டெரிக் பாடுவதை நிறுத்தினார். ஏதோ மைக்கைப் பிடித்திருப்பதுபோலக் கையை அம்மாளின் பக்கம் நீட்டினார்.

அம்மாள் அந்தக் கையைப் பார்த்தார்.

டெரிக்குக்கு வெட்கமாகிவிட்டது. "மேடைப் பழக்கம், அம்மா. இந்த இடத்துல மைக்கை ஜனங்க பக்கம் நீட்டிடுவேன். அரங்கமே பாடும்."

"நீங்க?"

"ரெக்கார்டுல பாடினதோட சரி. ஜனங்க முன்னால அந்த வரிக்கு வாய் வராது. அவங்க பாடுறது சௌகரியமா இருந்துச்சு."

"தம்பி இந்தப் பாட்டைக் கேட்டாரா?"

"ஒரு தடவை வந்திருந்தான். முன்வரிசையில நின்னு என் வாயையே பார்த்துக்கிட்டிருந்தான்."

"பாடினீங்களா?"

"மைக்கை நீட்டினேன்."

அம்மாள் கீரையைக் கீழே வைத்தார்.

"அத்தனை பேரும் பாடினாங்க, அம்மா. அவன் மட்டும் பாடல. கொஞ்ச நேரம் நின்னான். அப்புறம் போயிட்டான்."

சொல்லி முடிப்பதற்குள் அவர் கண் கலங்கிவிட்டது. தாங்கமுடியாமல் பேச்சை மாற்றினார்.

"நான் கேட்டது புதுப் பாட்டு."

"பழசே இன்னும் முடியலையே."

அம்மாள் எட்டி, நீட்டியபடியே இருந்த அந்தக் கையைப் பிடித்தார். மெதுவாகத் திருப்பி, அவர் வாய்க்கு நேரே கொண்டுபோய் வைத்தார்.

"இனிமே யாருக்கும்மா பாடுறது? நீல் செத்துப் போயிட்டான்."

அம்மாள் கையை விடவில்லை.

டெரிக் வாயைத் திறந்தார். ராகம் வரவில்லை. அந்தப் பல்லவி வரி மட்டும் தமிழில் வந்தது.

"தப்பு என்னுதுடா, தம்பி."