ஆச்சிக்குப் போட்ட இலை

முதலில் சத்தம்தான் கேட்டது.

கரக். கரக். கரக்.

பானையின் அடியை யாரோ நகத்தால் சுரண்டுகிற சத்தம். அவசரம் இல்லை. நிறுத்தி நிறுத்தி, இனி யாரும் சாப்பிட வரப்போவதில்லை என்று தெரிந்தவர் சுரண்டுகிற மாதிரி.

ஆவுடையப்பன் மடத்துத் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தார். எதிரே அடுக்களைக் கதவு சாத்தியிருந்தது. வெளியே கொக்கியை மாட்டியது அவர்தான். உள்ளே ஆள் கிடையாது. உச்சி வெயில் முற்றத்தில் வெள்ளையாக நின்றது. ஒரு காக்கைகூட இல்லை.

"சாமி, கேக்குதா?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மடத்துக் குரு சங்கிலிச் சாமி தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"கேக்குது."

ஆவுடையப்பனுக்குக் கண் நிறைந்துவிட்டது. இந்தச் சத்தம் கேட்கத் தொடங்கிய பதினோரு வருஷத்தில் அப்படிச் சொன்ன முதல் ஆள் இவர்தான். மனைவி சொன்னதில்லை. மகள் சொன்னதில்லை. மருமகன் டாக்டரிடம் கூட்டிப் போனான்.

"எலியா இருக்குமோ?"

"எலிக்கு இவ்வளவு பொறுமை கிடையாது, அண்ணாச்சி."

சீடனைவிடக் குரு பதினெட்டு வயது இளையவர். அதனால்தான் அண்ணாச்சி. ஆவுடையப்பனுக்கு ஐம்பத்தெட்டு. லாரி ஓட்டி ஓய்ந்து, ஆறு மாசத்துக்கு முன்னால் மலையடிவாரத்து இந்த மடத்துக்கு வந்தவர். வந்த அன்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"செத்தவங்களுக்குப் பசிக்குமா சாமி?"

சாமி, "திதி என்னைக்கு?" என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

திதி இன்றைக்கு. ஆவுடையப்பனை வளர்த்த ஆச்சி உலகம்மாளுக்கு. அவர்கள் வீட்டு வழக்கம் ஒன்று உண்டு. செத்தவருக்குப் பிடித்ததைச் சமைத்து இலையில் படைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும். கொஞ்ச நேரம் கழித்து மூன்று தடவை தட்டிவிட்டுத்தான் திறக்க வேண்டும். தட்டாமல் திறந்தால் சாப்பிடுகிறவர் பாதியில் எழுந்து போக வேண்டியிருக்கும்.

சத்தம் நின்றது. ஆவுடையப்பன் எழுந்து போய் மூன்று தடவை தட்டினார். கொக்கியை எடுத்தார்.

இலை போட்டது போட்டபடி இருந்தது. பால் பணியாரம், உளுந்தங்களி, அவியல், சொதி, சோற்றின் மேல் நெய். நெய் உறைந்திருந்தது. எதிலும் விரல் பட்ட அடையாளம் இல்லை.

மூலையில் சோறு வடித்த பானை. அதன் அடியில் தீய்ந்து ஒட்டிக் கிடந்த காந்தல் முழுவதும் போய், பானை கழுவினது போல இருந்தது. உள்பக்கத்தில் நகக் கீறல்கள். மூன்று நீளம், ஒன்று குட்டை.

சாமி குனிந்து பார்த்தார்.

"மோதிர விரல் குட்டையோ?"

"சின்ன வயசுல அரிவாள்மணை வெட்டினது." ஆவுடையப்பன் கீறலைத் தடவினார். "வருஷா வருஷம் இதேதான் சாமி. இலையைத் தொடுறதே இல்ல. எனக்கு வயிறு வயிறுன்னு பாத்தவ. என் வாசலுக்கு வந்து பட்டினியாப் போறா."

"இலையில இருக்கறதெல்லாம் அவளுக்குப் பிடிச்சதா?"

"எல்லாம் அவ கைப்பக்குவம். பணியாரம்னா அவ சுடணும்."

"சுட்டது சரி. தின்னாளா?"

ஆவுடையப்பன் யோசித்தார். கருப்பட்டி காய்ச்சுகிற ஆச்சி தெரிந்தாள். ஊட்டுகிற ஆச்சி தெரிந்தாள். தின்கிற ஆச்சி தெரியவில்லை. பிறகு சட்டென்று நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"அட மடையா! சாமி, அவளுக்குக் காந்தல்தான் உசுரு. எல்லாரும் எந்திரிச்ச பிறகு பானையைக் காலுக்கு நடுவுல வச்சுக்கிட்டுச் சுரண்டித் திம்பா. ஏன் ஆச்சின்னு கேட்டா, 'எலே, எனக்குக் காந்தல்தாம்ல பிடிக்கும்'பா. அதைத்தான் இன்னைக்கும் தேடியிருக்கா. நான் நெய்யை ஊத்தி வச்சுட்டு உக்காந்திருக்கேன் பாருங்க!"

"அப்ப அதையே வைங்க."

ஆவுடையப்பன் மறுபடி உலை வைத்தார். வேண்டுமென்றே தீயைக் கூட்டினார். முழுப் பானைச் சோறும் அடியிலிருந்து பிடித்துக்கொண்டு வந்தது. மடம் முழுக்கத் தீய்ந்த வாடை. அகப்பையால் பெயர்த்தெடுத்துப் புது இலையில் மலைபோல் குவித்தார். கதவைச் சாத்தினார்.

சாமி தாழ்வாரத்தில் ஒரு கட்டு முருங்கைக்கீரையை அவிழ்த்து வைத்து ஆய்ந்துகொண்டிருந்தார்.

"நல்லாக் கருக்கிட்டீங்களே அண்ணாச்சி."

"ரோட்டோரம் இருபத்தெட்டு வருஷம் சமைச்சிருக்கேன் சாமி. வேணும்னு கருக்குனது இன்னைக்குத்தான்."

சிரித்தார்கள். சிரிப்பு பாதியில் நின்றது. உள்ளே சத்தமே இல்லை. சுரண்டலும் இல்லை. வெறும் அமைதி. ஒரு ஆள் உட்கார்ந்து இலையைப் பார்த்துக்கொண்டிருக்கிற மாதிரி ஒரு அமைதி.

ஆவுடையப்பன் தட்டினார். திறந்தார்.

இலை காலியாக இருந்தது. ஒரு பருக்கை இல்லை. அவருக்கு மூச்சு வந்தது. அப்புறம்தான் பானையைப் பார்த்தார்.

காந்தல் அத்தனையும் பானைக்குள் கிடந்தது. ஒரு துண்டு விடாமல், எடுத்த மாதிரியே அடுக்கி வைத்திருந்தது. இலை ஈரத்துணியால் துடைத்தது போல் பளபளத்தது.

ஆவுடையப்பன் கதவை இழுத்துச் சாத்திவிட்டு, அதற்கு எதிரிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"என்ன சாமி வேணும் அவளுக்கு?"

சாமி கையிலிருந்த கீரையைக் கீழே வைத்தார்.

"அவளைப் பத்திச் சொல்லுங்க."

"என்னத்தைச் சொல்ல. எனக்கு அம்மை போட்டப்ப இருபத்தோரு நாள் என் பக்கத்துலயே வெறுந்தரையில படுத்துக் கெடந்தா."

"வேற."

"நான் லாரி எடுத்துட்டுப் போனா, திரும்பி வர்ற வரைக்கும் வாசக்கதவைச் சாத்த விடமாட்டா. ஊர்ல எல்லாரும் அவளைத் தெய்வம்னுதான் சொல்வாங்க."

"நீங்க?"

"நானும்தான்."

"எல்லாத்துலயும் உங்களையே பாத்துக்கிட்டு இருக்காளே. அவ உங்களைப் பாக்காத நேரம் ஒண்ணு சொல்லுங்க."

"அப்படி ஒரு நேரம் கெடையாது சாமி."

"யோசிங்க."

வெயில் அசையவில்லை. அடுக்களைக் கதவுக்கும் தரைக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி. பின்பக்கச் சன்னல் வெளிச்சம் அதன் வழியாகக் கோடு மாதிரி வந்துகொண்டிருந்தது. இப்போது அந்தக் கோட்டில் பாதி இருண்டது. உள்ளே யாரோ கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தது போல.

இரண்டு பேரும் பார்த்தார்கள். 

ஆவுடையப்பன் கதவைப் பார்த்துத்தான் பேசினார்.

"ஒம்பது வயசு. பள்ளிக்கூடத்துல வாத்தியார் வரலைன்னு மத்தியானமே விட்டுட்டாங்க. பின்பக்கமா வந்தேன். கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு வாடை. எட்டிப் பாத்தேன். ஆச்சி. அடுப்புக் கங்கு நாலைத் தள்ளி வச்சு வாளைக் கருவாடு சுட்டுக்கிட்டிருந்தா."

"உங்க வீட்ல மீன் உண்டா?"

"முன்னாடி உண்டு. தாத்தா தீட்சை வாங்கிக்கிட்ட அன்னைக்கு மீன்சட்டியைத் தூக்கி ஆத்துல போட்டுட்டார். இனிமே இது சைவ வீடுன்னார். அவ்வளவுதான். ஆச்சிகிட்ட யாரும் கேக்கல."

"ம்."

"காலை நீட்டி உக்காந்திருந்தா சாமி. அவ காலை நீட்டி அதுக்கு முன்னாடி நான் பாத்ததில்ல. முடி அவுந்து கெடந்துச்சு. கருவாட்டைப் பிச்சு வாயில போட்டுக் கண்ணை மூடிக்கிட்டா. விரலை நக்கினா. தனியா, என்னத்தையோ நெனச்சுச் சிரிச்சா. எனக்குப் பயமாப் போச்சு. அது என் ஆச்சியே இல்லைங்கற மாதிரி இருந்துச்சு."

கதவடியில் நிழல் அசையாமல் இருந்தது.

"போய்த் தாத்தாகிட்டச் சொல்லிட்டேன்."

"என்ன செஞ்சார்?"

"அவர் அடிக்கல. சத்தம் போடல. 'இந்த வாய்க்கு இனிமே இலை எதுக்கு, பானையோட தின்னுக்கட்டும்'னார். மறுநாள்லருந்து அவளுக்கு இலை கெடையாது. எல்லாரும் எந்திரிச்ச பிறகு பானை. அப்பதான் நான் கேட்டேன், ஏன் ஆச்சி பானையில திங்கேன்னு. அப்பதான் சொன்னா, காந்தல்தான் பிடிக்கும்னு. தாத்தா போன பிறகும் அவ இலை போட்டுக்கல. இது எனக்கு மறந்தே போச்சு சாமி. சத்தியமா மறந்து போச்சு."

"தெய்வம்னு சொல்லிக்கிட்டே இருந்தீங்களே. மறக்கத்தான் செய்யும்."

உள்ளிருந்து ஒரு மூச்சு கேட்டது. பெருமூச்சா, வயசானவர்கள் எழும்போது விடுகிற மூச்சா என்று சொல்ல முடியாது. கதவடியில் வெளிச்சக் கோடு மறுபடி முழுசாக வந்தது. பானையை யாரோ நகர்த்தும் சத்தம். பிறகு ஒன்றுமில்லை.

ஆவுடையப்பன் முகத்தைத் துடைத்தார்.

"சாமி. இது மடம்."

"ஆமா."

"வெங்காயமே வாரத்துல ரெண்டு நாள்தான் சேக்குறோம்."

"நானா திங்கப் போறேன்? பஸ் ஸ்டாப் கடையில வாளை கெடைக்கும். நல்லாக் காஞ்சதாப் பாத்து வாங்கிட்டு வாங்க. கங்கு நான் போட்டு வைக்கிறேன்."

"புகை மடம் பூராம் நிக்கும் சாமி. நாளைக்குப் பௌர்ணமி, ஆளுங்க வருவாங்க."

"சன்னலைத் திறந்து வச்சுக்கலாம்."

ஆவுடையப்பன் சட்டையை மாட்டிக்கொண்டு முற்றத்தில் இறங்கினார். வாசல் வரை போனார். போனவர் அங்கேயே நின்றார். திரும்பி வந்தார். சாமிக்கு மிகப் பக்கத்தில் குனிந்து, கதவுக்குக் கேட்டுவிடக் கூடாது என்பது போல் கேட்டார்.

"சொன்னது நான்தான்னு அவளுக்குத் தெரியுமா சாமி?"

சாமி அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"தெரியாம இருக்குமா. மறுநாள் உங்க இலையில என்ன குறைஞ்சுது, அண்ணாச்சி?"

"ஒண்ணும் குறையல," என்றார் ஆவுடையப்பன்.  வெயிலில் அப்படியே நின்றுகொண்டிருந்தார்.

சாமி முருங்கைக்கீரையை மடிக்கு இழுத்து, காம்பு தனியாக, இலை தனியாக ஆயத் தொடங்கினார்.