ஆள்காட்டி விட்டுக்கொடுத்த குரல்

தவக்காலம் தொடங்கிய அன்று காலை, ஆலங்குளத்துக் கரையில் காட்டு உயிர்கள் எல்லாம் கூடின. உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முன்னால் வரும் நாற்பது நாளும், தனக்குப் பிரியமான ஒன்றை ஆண்டவருக்காக விட்டுவிடுவது அந்தக் காட்டு வழக்கம்.

கரடி தேனை விட்டது. குரங்கு அத்திப்பழத்தை விட்டது. மைனா புறம் பேசுவதை விட்டுவிடுவதாகச் சொல்லிவிட்டு, குரங்கால் நாற்பது நாள் தாங்க முடியாது என்று உடனே கொக்கின் காதில் ஓதியது. நரியும் வந்தது. "நான் கறியையே விட்டுட்டேன்!" என்று கண்ணை மூடிக்கொண்டது. யாரும் சிரிக்கவில்லை. புனித நாள் அல்லவா!

கடைசியாக நின்றது ஆள்காட்டிக் குருவி. பொட்டல் தரையில் குடியிருந்து, எறும்பும் பூச்சியும் தின்று பிழைக்கும் பறவை அது. விடுவதற்கு அதனிடம் என்ன இருக்கிறது? பகை ஏதும் குளத்தை நெருங்கினால் வானம் கிழியக் கத்தும், அவ்வளவுதான். அந்தக் கரகரத்த குரலை நினைத்தால் அதற்கே வெட்கம். குயில் பாடும்போது கழுத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

ஒன்றும் கொடுக்காமல் திரும்பியதில் அதற்கு அழுகை வந்துவிட்டது. நரி பின்னாலேயே வந்தது.

"ஏன் தங்கச்சி அழுவுற?"

"ஆண்டவருக்குக் குடுக்க எங்கிட்ட ஒண்ணுமே இல்லண்ணே!"

"ஏன் இல்ல? அந்தக் குரலை விட்டுடேன்! எல்லாரும் ஜெபம் பண்ற நேரத்துல நீ கத்துறது எவ்வளவு இடைஞ்சல்! நான் ஒண்ணுமில்ல, வெறும் தூசின்னு வாயை மூடிக்கிட்டு இரு. அதுக்குப் பேருதான் தாழ்மை!"

ஆள்காட்டிக்கு அது சரியென்றே பட்டது. அதை யார் மட்டம் தட்டினாலும் அதற்குச் சரியென்றுதான் படும். இனிக் கத்துவதில்லை என்று ஆண்டவருக்கு வாக்குக் கொடுத்தது. அன்றிலிருந்து அது கத்தவே இல்லை. முப்பது நாள் போயிற்று. "என்ன அடக்கம்!" என்று கொக்கு மெச்சியது. ஆள்காட்டிக்கு உள்ளூர இனித்தது.

பக்கத்துக் கோரைப் புதரில் கானாங்கோழி ஒன்று நான்கு குஞ்சுகள் பொரித்திருந்தது. ஒரு நண்பகலில் தாய் இரை தேடித் தண்ணீருக்குள் இறங்கிப் போனது. குஞ்சுகள் கரையில் விளையாடிக்கொண்டிருந்தன. திடீரென்று கோரை அசைந்தது. காற்றே இல்லை, கோரை எப்படி அசையும்? ஆள்காட்டி உற்றுப் பார்த்தது. நரி!

கத்தல் தொண்டை வரை வந்துவிட்டது. ஆனால் வாக்குக் கொடுத்தாயிற்றே! 'கத்துவதற்கு நான் யார்? உயரமாக நிற்கிற கொக்கு பார்த்துக்கொள்ளும்' என்று நினைத்துக்கொண்டது. கொக்கோ மீனைப் பார்த்துக்கொண்டிருந்தது. சின்னதாக ஒரு கீச்சொலி கேட்டது. பிறகு மூன்று குஞ்சுகள்தான் இருந்தன.

கானாங்கோழி கரையெல்லாம் தேடி அலைந்துவிட்டு ஆள்காட்டியிடம் வந்தது.

"அக்கா, நீங்க எதையாவது பார்த்தீங்களா?"

"பார்த்தேம்மா. நரி வந்துச்சு."

"பார்த்துமா கத்தல!"

"என் குரலை ஆண்டவருக்காக விட்டுட்டேன். நான் வெறும் தூசி. நான் கத்தி என்ன ஆகப்போவுதுன்னு..."

"அந்தக் குரலை நம்பித்தானக்கா உங்க பக்கத்துல கூடு கட்டினேன்!" கானாங்கோழிக்கு மூச்சு வாங்கியது. "கரடி விட்டது அது தின்ற தேனை. நீங்க விட்டது என் புள்ளையோட உசுரை. எங்களைக் காக்க ஆண்டவர் உங்க தொண்டையில வச்சதை வேண்டாம்னு சொல்ல நீங்க யாரு?"

'நான் யார்' என்று ஆள்காட்டி தன்னையே ஆயிரம் முறை கேட்டிருக்கிறது. இன்னொருவர் வாயிலிருந்து வந்தபோதுதான் அது சுட்டது. தனியே போய்த் தரையில் தலை கவிழ்ந்து படுத்துக்கொண்டது.

"ஆண்டவரே, என்னைப் படைத்தவர் நீர். உம்முடைய கைவேலையையே மட்டம் என்று சொல்லித் திரிந்தேனே! அதைத் தாழ்மை என்று வேறு நினைத்தேனே! என்னை மன்னியும்!" என்று விம்மி அழுதது.

பெரிய வெள்ளிக்கிழமை வந்தது. கோரை மறுபடியும் அசைந்தது. ஆள்காட்டி விருட்டென்று மேலே எழும்பியது. நரி அண்ணாந்து பார்த்துக் குழைந்தது.

"தங்கச்சி! இன்னும் ரெண்டே நாளுதான்! இத்தனை நாளு காத்த விரதத்தை முறிச்சிடாதே! அந்த அசிங்கக் குரலால புனித நாளைக் கெடுத்துடாதே!"

ஆள்காட்டி கத்தியது. கரகரவென்று, குளத்தின் நாலு கரையும் அதிரக் கத்தியது. குஞ்சுகள் தண்ணீருக்குள் பாய்ந்தன. கொக்கு சிறகடித்தது. கரடி புதரை மிதித்துக்கொண்டு ஓடி வந்தது. கரடியைக் கண்ட நரி, பிடித்த ஓட்டத்தில் அந்தக் காட்டையே விட்டுப் போய்விட்டது.

உயிர்ப்பு ஞாயிறு விடிந்தது. குயில் பாடியது. ஆள்காட்டி இம்முறை கழுத்தை உள்ளே இழுத்துக்கொள்ளவில்லை. பொட்டலில் நிமிர்ந்து நின்று குயிலின் பாட்டைக் கேட்டது.

கானாங்கோழி மூன்று குஞ்சுகளையும் அழைத்துவந்து அதன் அருகில் விட்டது. "பார்த்துக்கங்கக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தண்ணீரில் இறங்கியது. நான்காவது குஞ்சை நினைத்து ஆள்காட்டிக்குக் கண் நிறைந்தது. நிறைந்த கண்ணோடே அது கோரையைப் பார்த்துக்கொண்டு நின்றது.

நான் ஒன்றுமில்லை என்று சொல்லி ஆண்டவர் தந்ததை முடக்கி வைப்பது தாழ்மை ஆகாது. அது அவர் தந்தது என்று உணர்ந்து அடுத்தவருக்காகப் பயன்படுத்துவதே தாழ்மை.