தளவாய் இலையில் மிஞ்சியது

முன்னொரு காலத்தில், ராஜாக்களுக்குப் பொழுதே போகாத காலத்தில், அரிகண்டர் என்ற தளவாய் தன் மனைவி பூங்காவனத்தைத் தள்ளிவைத்துவிட்டார். தள்ளிவைத்த மனுஷன் சோற்றுக்காவது வழி செய்ய வேண்டாமா? மூச்! அவளும் இரண்டு பெண் குழந்தைகளும் சத்திரத்தில் பட்டினி கிடந்தார்கள். வழக்கு சபைக்கு வந்தது.

"பிரபு, என் வீட்டில் இவளுக்குத் தனி இலை போட்டதே கிடையாது. நான் எழுந்த பிறகு என் இலையில் மிஞ்சியதையே உண்டாள். இனியும் அதையே தருகிறேன்" என்றார் தளவாய்.

"மிச்சம் வைக்கிற மூஞ்சியைப் பாருங்க! இலையையே வழிச்சு நக்கிடுவாரு சாமி!" என்று பூங்காவனம் கத்தினாள்.

ராஜாவுக்கு இது வேடிக்கையாகப் பட்டது. "அப்படியே ஆகட்டும். மிஞ்சுவது அவளுக்கு" என்று தீர்ப்பளித்துவிட்டார்.

விகடகவி சடையாண்டியைக் கண்டாலே தளவாய்க்கு ஆகாது. "இந்தத் தீர்ப்பாலேயே இவர்கள் வயிறு நிறைய விகடகவி வழி செய்யட்டும். முடியாவிட்டால் ஊரை விட்டுப் போகட்டும்" என்று கொளுத்திப் போட்டார். ராஜாவும் தலையாட்டினார்.

"உத்தரவு, மகாராஜா. தீர்ப்பு ஒழுங்காக நடக்கத் தளவாய் அரண்மனையிலேயே தங்கி, தங்கள் பந்தியில் மட்டும் சாப்பிடட்டும்" என்றான் சடையாண்டி. தளவாய்க்கு வாயெல்லாம் பல்.

அரண்மனைப் பந்தியில் ஒரு வழக்கம். ராஜா முதல் கவளம் விழுங்கும்வரை யாரும் இலையில் கைவைக்கக்கூடாது. ராஜா எழுந்தால் எல்லோரும் எழ வேண்டும்.

ராஜா முதல் கவளத்தை வாயில் போட்டார். சடையாண்டி மெல்லக் கேட்டான்: "மகாராஜா, தளவாய் நாலு யானைக்குத் தீனி போடுகிறாராம், பெண்டாட்டிக்கு மட்டும் கட்டுப்படியாகவில்லையாம். யானை எதிர்த்துப் பேசாது பாருங்கள்!"

ராஜாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. கவளத்தை விழுங்காமலேயே எழுந்து அந்தப்புரத்துக்குப் போய் ராணியோடு சாப்பிட்டார். தளவாயின் இலை, தொடாத வடை பாயசத்தோடு, நேரே சத்திரத்துக்குப் போனது. காலையும் மாலையும் ஒரு புதுக் கதை, ஒரு புரை.

மூன்றாம் நாள் தளவாய் ராஜாவின் காலில் தடாலென்று விழுந்தார். "பிரபு, பத்து வேலி நிலம் அவள் பேருக்கே எழுதித் தருகிறேன். என்னை வீட்டுக்கு விடுங்கள்!"

பட்டயம் கைக்கு வந்ததும்தான் பூங்காவனத்தின் முகம் தெளிந்தது. விஷயம் புரிந்த ராஜா சடையாண்டியைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அடப் படுபாவி! என்ன பரிசு வேண்டும், கேள்!"

"பரிசு கிடக்கட்டும், மகாராஜா. மூன்று நாளாக நானும் அதே பந்தியில்தான் உட்கார்ந்தேன். முதலில் சோறு போடச் சொல்லுங்கள்!"