தும்பிக்கைப் பங்கு

ஆனைமேடுன்னு ஒரு ஊரு இருந்துச்சாம், அந்த ஊரு ராசாகிட்ட ஒரே ஒரு ஆனை இருந்துச்சாம், அது சினையா இருந்துச்சாம். ராசா கணக்குப் போட்டுப் பாத்தாரு. ஒரு ஆனைக்குத் தீனி போட்டே களஞ்சியம் காலியாகுது, ரெண்டாவதும் வந்தா நாம என்னத்தத் திங்கிறதுன்னு, பொறக்கப் போற குட்டிய அடிமாட்டு வெலைக்கு வித்துட்டாரு. வாங்குனது பொன்னுரங்கம்னு ஒரு முதலாளி. வட்டிக்குக் குடுக்கிறது அவரு தொழிலு.

அவரு என்ன பண்ணாரு, குட்டியக் கூறு போட்டுட்டாரு. நெசமா வெட்டல, அழாதடா. காது ஒரு பங்கு, முன்னங்காலு ஒரு பங்கு, வாலு ஒரு பங்குன்னு வாயாலயே கூறு போட்டு சந்தையில வித்தாரு. காசில்லாதவனுக்கு வயல அடகு புடிச்சுக்கிட்டு அவரே கடனும் குடுத்தாரு.

ஆனைக்குட்டி வயித்துக்குள்ள ரெண்டு வருசத்துக்குக் கிட்டக் கெடக்குமில்ல, அதுவரைக்கும் ஊருக்கே திருவிழாதான். காலையில வாங்குன காது சாயங்காலம் வெல ஏறிடும். ஏறுச்சு, இன்னும் ஏறுச்சு, அதுக்கு மேலயும் ஏறுச்சு. அப்புறம் எவன் ஏர் புடிப்பான்? வெவசாயம் நின்னு போச்சு, அரிசி வெல ஏறிப் போச்சு, அத சாக்கா வச்சு முதலாளி வட்டியையும் ஏத்திப்புட்டாரு. காது ஏறுறப்ப வட்டி ஏறுனா என்னன்னு ஊரே சிரிச்சுது.

அந்த ஊர்ல மோர் விக்கிறவ ஒருத்தி, பேரு செவந்தி. அவ புருசன் பெரியாண்டி கெணத்தடி வயல அடகு வச்சு, தும்பிக்கைய வாங்கிட்டு வந்து நின்னான். அவங்களுக்குன்னு இருந்ததே அந்த வயலுதான்.

"ஏங்க, குட்டி பொறந்தா என்ன திங்கும்?"ன்னு கேட்டா செவந்தி.

"அடி கிறுக்கி, தும்பிக்கை வெல என்னன்னு தெரியுமா உனக்கு?"ன்னான் அவன்.

அப்புறம் மோர்ப்பானையத் தூக்கிக்கிட்டு சந்தைக்குப் போனா. "ஏண்ணே, குட்டி என்ன திங்கும்?"ன்னு கேட்டா. சந்தையே கைகொட்டிச் சிரிச்சுது. அன்னையிலருந்து அவ கிறுக்குச் செவந்தி ஆயிட்டா.

இப்படியே போச்சா, பௌர்ணமிக்குள்ள வட்டி வரலேன்னா வயல் என்னுதுன்னு முதலாளி ஆள் அனுப்பிட்டாரு. வீட்டுல உலை வைக்க அரிசி இல்ல. செவந்திக்கு ஆத்திரமான ஆத்திரம். கோயில் வாசல்ல போய் உக்காந்தா. அங்க ராசாவோட ஆனை நின்னு, வர்றவங்க போறவங்ககிட்டக் காசு வாங்குது, பழம் வாங்குது. அதப் பாத்தவ விறுவிறுன்னு முதலாளி வீட்டுக்கு நடந்தா.

"முதலாளி, கோயில் ஆனை காசு வாங்குதே, எதால வாங்குது?"

"தும்பிக்கையாலதான். ஏன் கேக்குற?"

"அப்ப குட்டி வாங்குற காசு பூராவும் எங்களுக்குத்தான?"

முதலாளி இத யோசிக்கவே இல்ல. அவருக்கு வாயில எச்சி ஊறிருச்சு. "தும்பிக்கைய எனக்கே குடுத்துரு, கேட்ட காசு தர்றேன்."

"காசு வேணாம், முதலாளி. எங்க வயலத் திருப்பிக் குடுங்க."

குடுத்துட்டாரு. அதோட அவ விட்டாளா? "தும்பிக்கை மட்டும் கோயிலுக்கு நடந்து போகுமா? காலு வேணாமா? காதில்லாத ஆனைக்கு எவன் காசு போடுவான்?"ன்னா. படி எறங்கறப்ப திரும்பி, "முதலாளி, குட்டி என்ன திங்கும்?"னும் கேட்டா. ஒளிக்கல, மறைக்கல, மூஞ்சிக்கு நேராத்தான் கேட்டா.

"காசு கொட்டப் போகுது, தீனியெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் போ"ன்னுட்டாரு.

செவந்தி வீடு வீடா ஓடுனா. "முதலாளி பங்கு கேட்டு வருவாரு. காசு வாங்காதீங்க, வயல வாங்குங்க"ன்னா. வயிறு காஞ்சு கெடந்துச்சா, ஊரு இந்தத் தடவை அவ சொன்னதக் கேட்டுச்சு. காது போச்சு, காலு போச்சு, வயல் எல்லாம் திரும்பி வந்துச்சு. வாலு வச்சிருந்த சடையன் மட்டும் இன்னும் ஏறும்னு கெட்டியாப் புடிச்சுக்கிட்டான்.

குட்டி பொறந்துச்சு. டமடமன்னு முரசு அடிச்சு ராசா சொன்னாரு: "இனி அரண்மனையிலருந்து ஒரு புடி புல்லு வராது. குட்டி யாருதோ அவன்தான் தீனி போடணும். அது பால் குடிக்கிற வரைக்கும் தாய்க்கும் சேத்துப் போடணும். பட்டினி போட்டா செறைதான்."

முதலாளி பதறி எந்திரிச்சாரு. ஓடுனாரு சந்தைக்கு. "காது வேணுமா?"ன்னாரு, ஆளில்ல. "காலு வேணுமா?"ன்னாரு, ஆளில்ல. "தும்பிக்கை, சும்மாவே தர்றேன்!"னாரு. அப்ப ஊரே ஒண்ணாச் சேந்து கேட்டுச்சு:

"முதலாளி, குட்டி என்ன திங்கும்?"

என்ன தின்னுச்சு தெரியுமா? அவரு பதுக்கி வச்ச நெல்லத் தின்னுச்சு, அவரு தோப்பு வாழையத் தின்னுச்சு, ஏத்தி ஏத்தி வாங்குன வட்டியெல்லாம் தின்னுச்சு. கோயில்ல விழுந்த காசு ஒரு வேளைத் தழைக்குக்கூடப் பத்தல. சடையன் என்ன ஆனான்னு கேக்குறியா? வாலுக்குக் கீழ விழுறத அள்ளுறது வால்காரன் வேலைன்னு ராசா சொல்லிட்டாரு. ஊரு மறுபடி ஏர் பூட்டுனதால அவன் அத எருவா வித்துப் பொழச்சுக்கிட்டான். கெணத்தடி வயல்ல நெல்லு நெஞ்சு ஒசரம் நின்னுச்சு. கிறுக்கின்னு அப்புறம் ஒருத்தரும் அவளக் கூப்புடல, பெரியாண்டி கூட.

அதனால, வெல ஏறுது ஏறுதுன்னு எவனாச்சும் குதிச்சா, தீனி யாரு போடுறதுன்னு ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க. குட்டியானை ஆத்துக்குக் குளிக்கப் போச்சு, கதையும் அதோட போச்சு.