உப்புத் தண்ணீரில் விதைநெல்

“இன்னும் எத்தனை சோதனைதான் வைப்பீங்கம்மா?” என்று கேட்டார் பூதலிங்கம். கேட்கவே அவருக்குக் களைப்பாக இருந்தது.

வயது எழுபது. இயற்பியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்று, ஞானம் தேடி ஆற்றங்கரை மடத்துக்கு வந்தவர். மடத்துத் தலைவி வடிவம்மைக்கு அவரைவிடப் பதினைந்து வயது குறைவு. தீட்சை கேட்ட அன்று “பார்ப்போம்” என்றாள். பதினோரு வருஷமாகப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். ஒரு வருஷம் வாயைத் திறக்கக்கூடாது என்றாள். இன்னொரு வருஷம் மாட்டுத் தொழுவத்தில் படுக்கச் சொன்னாள். இவரும் படுத்தார்.

“இனி என்னால முடியாதும்மா. பையைக் கட்டி வச்சுட்டேன். நான் தேறுவேனா, மாட்டேனா? அதை மட்டும் சொல்லிருங்க.”

அவள் மூலையிலிருந்த விதைநெல் மூட்டையைக் காட்டினாள்.

“பதரைக் கழிச்சுக் குடுங்க. பிறகு சொல்லுதேன்.”

ஆக, இன்னொன்று.

பதர் கழிக்க அந்த மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. அண்டாத் தண்ணீரில் ஒரு முட்டையைப் போட்டு, அது மிதக்கும்வரை உப்பைக் கரைப்பார்கள். பிறகு நெல்லைக் கொட்டினால் கனத்த மணி தாழும், பதர் மிதக்கும். சைவ மடமாயிற்றே, முட்டை மட்டும் அக்கம்பக்கத்து மரியபுஷ்பம் வீட்டில் இரவல். வேலை முடிந்ததும் கழுவித் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

இயற்பியல் படித்தவருக்கு இரவல் முட்டை எதற்கு?

அறுபது கிராம் நெல்லை நிறுத்தார். கோடு போட்ட கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் போட்டார். தண்ணீர் ஐம்பத்திரண்டு மில்லி ஏறியது. அதுதான் நெல்லின் கனஅளவு. எடையை அதால் வகுத்தால் அடர்த்தி, ஒன்று புள்ளி ஒன்று ஐந்து. உப்புத் தண்ணீரை அதற்குச் சற்றுக் குறைவாகக் கரைத்து, மூட்டையைக் கொட்டினார்.

பதர் மிதந்தது. நல்ல மணி தாழ்ந்தது. ஒரு கைப்பிடி நெல் மட்டும் மேலேயும் வராமல் கீழேயும் போகாமல் நடுவில் நின்றது.

இதைத் தேறியது என்பதா, பதர் என்பதா?

அதை அள்ளி நிறுத்தார். குவளையில் போட்டார். வகுத்தார். சந்தேகம் வந்து மறுபடி நிறுத்தார். ஒவ்வொரு தடவையும் விடை மயிரிழை மாறியது. கால் மரத்துப்போயிற்று. அன்றைய பொழுதும் மறுநாள் பொழுதும் இப்படியே போயின. தாழ்ந்த நெல் அண்டாவின் அடியிலேயே கிடந்தது.

ஒருவழியாக அள்ளிக் கொடுத்தார். சாக்கில் கட்டி, வைக்கோலால் மூடி வைத்தார்கள். மூன்றாம் நாள் பிரித்தால் ஒரு மணிகூட முளைக்கவில்லை.

வடிவம்மை ஒன்றை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். முகம் சுளித்தது.

“கழுவலையா வாத்தியாரே?”

“கழுவணுமா?”

“தாழ்ந்த உடனே அள்ளி, நல்ல தண்ணியில அலசிரணும். உப்புலயே கிடந்தா எந்த விதை முளைக்கும்?”

“கணக்கு முடியலம்மா. சந்தேகம் தீராம எப்படி எடுக்கதுன்னு…”

“நடுவுல நின்னதுக்குத்தான கணக்கு? அடியில கிடந்தது அன்னைக்கே தேறிட்டுல்லா? அதை எதுக்கு உப்புல போட்டு வச்சீங்க?”

ஒரு போகத்து விதை போயிற்று. இனி மடம் ஊராரிடம் நாற்றுக்குக் கையேந்த வேண்டியதுதான். அவமானத்தில் அவருக்குத் தலை நிமிரவில்லை.

“நான்தாம்மா பதர். பையை எடுத்துக்கிட்டுப் போறேன்.”

அவள் உள்ளங்கையில் கிடந்த மணியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“நீங்க வந்து எத்தனை வருஷம் ஆச்சு?”

“பதினொண்ணு.”

அவள் கண் கலங்கி அவர் பார்த்தது அதுதான் முதல் தடவை.

“கிணத்தடிக்கு வாங்க.”

போனார். வேண்டாம் என்று சொல்லவும் தெம்பில்லை. துவைக்கிற கல்லில் அவரை உட்காரவைத்து, தன் கையாலேயே தண்ணீர் இறைத்து அவர் தலையில் ஊற்றினாள். ஒரு வாளி. இரண்டு வாளி. மூன்றாவது வாளிக்கு அவர் உடம்பு நடுங்கியது.

“இதும் சோதனையாம்மா?”

“இல்ல” என்றாள். வாளி மறுபடி கிணற்றுக்குள் இறங்கியது.

“உப்பு போகணும்லா.”