மிதிக்காத முதல் பனி

மடத்துச் சமையற்கட்டில் பதினொரு யாத்திரிகர்கள் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தியின் மடியில் கைக்குழந்தை. குடித்து முடித்ததும் குரு ரிக்சின் முன்னே நடக்க, எல்லாரும் கிழக்குச் சரிவைக் குறுக்காகக் கடந்து ஊர் திரும்ப வேண்டும்.

சீடர் தோர்ஜே மட்டும் தன் தேநீரைத் தொடவில்லை.

குருவைவிடப் பத்து வயது மூத்தவர் அவர். ஆண்டுதோறும் முதல் பனி விழுந்ததும் கவரிமாடுகளை ஓட்டிப்போய் அந்தச் சரிவை மிதித்து இறுக்குவது அவர் பொறுப்பு. மிதிக்காமல் விட்டால் அந்தப் பனி அடியில் உதிரியாகவே கிடக்கும். பிறகு விழுகிற பனியெல்லாம் அதன்மேல்தான் நிற்கும்; ஆள் கால் வைத்தால் மொத்தமாகச் சரிந்து இறங்கிவிடும்.

இந்த ஆண்டு அவருக்கு முழங்கால் வலி. அடுப்படி வேறு கதகதப்பாக இருந்தது. "மிதித்தாயிற்று" என்று குருவிடம் சொல்லிவிட்டார். மூன்று மாதமாகத் தினமும் சரிவை எட்டிப் பார்த்தார். அது அசையவில்லை. சரி, தப்பித்தோம் என்று இருந்தார். ஆனால் நேற்றுவரை நான்கு நாள் விடாமல் பனி கொட்டியிருந்தது.

வாசலில் குருவை நிறுத்தினார்.

"குருவே, மிதிக்காமல் விட்ட பனிகூட நாளாக ஆக இறுகிவிடும், இல்லையா?"

ஏன் கேட்கிறீர்கள் என்று குரு கேட்கவில்லை. மண்வெட்டியை எடுத்துப்போய்ச் சரிவின் ஓரத்தில் இடுப்பளவு தோண்டினார். மேலே பனி பலகையாக இருந்தது. அடியில் கைவிட்டு ஒரு பிடி அள்ளினார். அது விரலிடுக்கில் சர்க்கரை மாதிரி வழிந்தது.

பின்னாலேயே வந்த தோர்ஜே அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மிதிக்கவில்லை என்கிறது பனி," என்றார் குரு. "மிதித்ததாக நீங்கள் சொன்னீர்கள். நான் உங்களைத்தானே நம்ப வேண்டும்."

மண்வெட்டியை ஊன்றிவிட்டுச் சரிவில் கால் வைக்கப் போனார். சமையற்கட்டில் குழந்தை சிணுங்கியது.

தோர்ஜே அவர் அங்கியைப் பிடித்து இழுத்தார்.

"வேண்டாம். நான் மிதிக்கவில்லை. அன்றைக்கு மாடுகளை அவிழ்க்கவே இல்லை."

குரு காலைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டார்.

"தினமும் சொல்லிவிடத்தான் நினைத்தேன்," என்றார் தோர்ஜே. "இனி இது எப்போதுதான் இறுகும்?"

"இறுகாது. இறங்கத்தான் இறங்கும். மேலே ஆள் இல்லாதபோது இறங்க வேண்டும், அவ்வளவுதான். என்னிடம் சொன்னதைப் போய் அந்தப் பதினொரு பேரிடமும் சொல்லுங்கள்."